அழுத்தமின் என்ற பெயரும், அது சொல்லாமல் விட்ட பாதியும்

மான்குர்த் ரயில் நிலையத்திலிருந்து மண்டாலா நோக்கிச் செல்லும் வழியில், பிளாஸ்டிக் மூடிகளுக்கு உள்வளையம் பொருத்தும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பதினைந்து அடி அறை. நான்கு பேர் வேலை. மூலையில் ஒரு வட்டக் கிண்ணம் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதன் உட்சுவரில் சுருள் வழி போலொரு விளிம்பு ஏறுகிறது. அடியில் கொட்டிய மூடிகள் அந்த விளிம்பில் எறும்பு வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, மேலே ஒரு நேர்ப்பாதையில் இறங்கிச் செல்கின்றன. தள்ளுவதற்குப் பட்டையும் இல்லை, சக்கரமும் இல்லை. நடுக்கம் ஒன்றுதான் அவற்றை நகர்த்துகிறது. பட்டறைக்காரர்கள் இதை ‘வைப்ரேட்டர்’ என்று மட்டும் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் விடுமுறையில் அங்கே வேலைக்குப் போகிறான். டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. சென்ற மாதம் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்.

“அக்கா, இந்த வைப்ரேட்டர் நாள் முழுக்க ஆடிக்கிட்டே இருக்கு. அடியில பீசோ தகடு வெச்சா, அந்த ஆட்டத்துலருந்தே கரண்டு வரும்ல? அப்ப அது தன்னையே ஓட்டிக்கலாமே? நீங்க சொன்ன தமிழ்ப் பேருகூட அழுத்தமின்னுதானே?”

முதல் இரண்டு கேள்விகளுக்கு எந்த இயற்பியல் ஆசிரியரும் ஒரே வரியில் விடை சொல்லிவிடுவார்: ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. என்னை நிறுத்தியது மூன்றாவது கேள்வி. மொழியியல் படித்துவிட்டு அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருக்கும் எனக்கு, அவனுடைய பிழை அவனுடையது மட்டுமன்று என்று தோன்றியது. அவனை அங்கே அழைத்துச் சென்றது ஒரு பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது, எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதை எழுத முயன்றதே இப்பதிவு.

1. ஒரே பொருள், இரு திசைகள்

நம் சமையலறையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு சுத்தியல் பீங்கான் துண்டொன்றைத் தாக்குகிறது. துண்டின் இரு முனைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தோன்றிப் பொறி பறக்கிறது. இங்கே அழுத்தம் மின்னாகிறது.

அடுத்து, திறந்தால் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையைப் பிரித்துப் பார்ப்போம். மெல்லிய பித்தளைத் தட்டும், அதன்மேல் ஒட்டிய வெள்ளைப் பீங்கான் வில்லையும் இருக்கும். சிறு மின்கலத்தின் மின்னழுத்தம் மாறி மாறி ஏறி இறங்க, வில்லை விரிந்து சுருங்குகிறது; தட்டு வளைந்து நிமிர்கிறது; காற்று அதிர்ந்து பாட்டு எழுகிறது. இங்கே மின் அசைவாகிறது.

இரண்டிலும் பொருள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. திசை மட்டும் நேர் எதிர். முதலாவதை நம் பாடநூல்கள் ‘அழுத்தமின் விளைவு’ என்கின்றன. இரண்டாவதற்குத் தனிப்பெயர் கிடைக்கவில்லை. முதலாவதன் பெயருக்கு முன்னால் ‘எதிர்’ அல்லது ‘மறுதலை’ என்ற அடை சேர்த்துச் சொல்கிறோம். தொழிற்சாலைகளில் பொருளை நகர்த்தும் பீசோ அதிர்வுக் கடத்திகள் யாவும் இந்த இரண்டாம் திசையில் இயங்குகின்றன. அவை மின்னை உண்டு நடுங்குகின்றன. நடுங்கி மின்னை ஈனுவதில்லை. ‘பீசோவால் இயங்கும் கடத்தி’ என்று சொல்லும்போது, அந்த ‘இயங்கும்’ என்ற சொல்லுக்குள் ‘அசைவு தருதல்’, ‘ஆற்றல் வழங்குதல்’ என்னும் இரு பொருள்களும் ஒளிந்திருக்கின்றன. மாணவன் இரண்டாவதை எடுத்துக்கொண்டான். பெயரும் அவனை அங்கேயே தள்ளியது.

2. முறத்தின் இலக்கணம்

நடுக்கத்தால் பொருள் எப்படி நகரும் என்று அவன் கேட்டிருந்தால், அவனுடைய பாட்டியிடம் அனுப்பியிருப்பேன். தமிழில் முறத்துக்கென்று ஒரு வினைச்சொல் தொகுதியே உண்டு. தானியத்தைத் தூக்கி எறிந்து தட்டிப் பதரைப் பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பெரியதையும் சிறியதையும் பிரிப்பது கொழித்தல். மெல்லிய அலை போன்ற அசைவால் நொய்யையும் மாவையும் ஒதுக்குவது தெள்ளுதல். கல்லையும் மணியையும் பிரிக்க ஆட்டுவது நாவுதல். வட்டாரத்துக்கு வட்டாரம் இப்பொருள்கள் சற்று இடம்மாறும். ஆயினும் வீச்சு, திசை, வேகம் ஆகியவற்றைக் கொண்டே இவ்வினைகள் வேறுபடுகின்றன என்பது எங்கும் பொது. இன்றைய பொறியாளர் ஓர் அதிர்வுக் கடத்தியை வடிவமைக்கும்போது தீர்மானிக்கும் அளவுகளும் இவையே.

தெள்ளும் கையைக் கூர்ந்து பார்த்தால், முறம் முன்னோக்கிப் போகும்போது சற்றே மேலெழுகிறது, பின்வாங்கும்போது கீழிறங்குகிறது. மேலெழும் வேளையில் தானியம் முறத்தை இறுகப் பற்றி உடன் செல்கிறது. முறம் சட்டென்று கீழிறங்கிப் பின்வாங்கும்போது தானியம் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, சற்று முன்னே விழுகிறது. இப்படி ஒவ்வோர் அசைவுக்கும் ஓரடி. அதிர்வுக் கடத்தியின் தட்டு சாய்வாக நிறுத்திய பட்டை வில்களின்மேல் அமர்ந்திருப்பது இதற்காகத்தான்: வில் வளையும்போது தட்டு முன்னும் மேலும் ஒருங்கே செல்லும்.

பொருள் தட்டைவிட்டு எழ வேண்டுமானால், தட்டின் செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைத் தாண்ட வேண்டும். கணக்கு எளிது. நொடிக்கு 50 முறை அதிரும் தட்டுக்கு, நடுநிலையிலிருந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் செங்குத்து வீச்சு வேண்டும். நொடிக்கு 100 முறை என்றால் 25 மைக்ரோமீட்டர் போதும். 300 முறை என்றால் 3 மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவே. அதிர்வெண் இரு மடங்கானால் தேவைப்படும் வீச்சு நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. பீசோ பொருள்களின் வரலாற்றைத் தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இந்த ஒற்றைத் தொடர்புதான். அதற்கு முன் அவை கடந்துவந்த தொலைவு பெரிது. அது இலங்கையில் தொடங்குகிறது.

3. இலங்கையிலிருந்து சென்ற கல்

இலங்கையின் கடற்கரைப் பகுதிகள் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த காலம். 1703இல் அவர்கள் இலங்கையிலிருந்து வண்ணக் கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அவற்றுள் ஒருவகை சூடேறியதும் தணலருகே கிடந்த சாம்பலைத் தன்பால் இழுத்தது. டச்சுக்காரர் அதற்கு ‘சாம்பல் இழுப்பான்’ என்று பெயரிட்டுப் புகைக்குழாயைத் துப்புரவாக்கப் பயன்படுத்தினர். ‘டூர்மலின்’ என்ற பெயரோ, பலவகை வண்ணக் கற்களுக்குச் சிங்களத்தில் பொதுவாக வழங்கிய ‘தோரமல்லி’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கல் ஏறிய கப்பலில் சொல்லும் ஏறிற்று. கல்லை வெட்டியெடுத்து, தரம் பிரித்து, பெயர் சொல்லி விற்றவர்கள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1717இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் லூயி லெமெரி இலங்கையிலிருந்து வந்த இக்கல்லைக் காட்டினார். 1747இல் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதனை ‘மின்கல்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடரால் குறித்தார். சாம்பலை இழுப்பது மின்னே என்பதை 1756இல் ஈபினஸ் ஆய்வுவழி நிறுவினார். 1824இல் டேவிட் புரூஸ்டர் சூட்டினால் பிறக்கும் இம்மின்னுக்குக் கிரேக்க மொழியில் ‘தீ’ என்ற பொருள்தரும் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டார்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்கலாம். சாம்பல் இழுப்பான், மின்கல், தீமின் என ஒவ்வொரு பெயரும் அந்த நேரத்தில் கண்ணுக்குப் பட்ட ஒரு செயலை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. பொருளின் முழு இயல்பு பெயருக்கு வெளியே காத்திருந்தது.

4. 1880, 1881

1880இல் பாரிஸில் இருபதுகளில் இருந்த இரு சகோதரர்கள், ஜாக் கியூரியும் பியர் கியூரியும், சூடாக்கினால் மின் தரும் படிகம் அழுத்தினாலும் மின் தரவேண்டும் என்று ஊகித்தனர். படிகத்தின் உள்ளமைப்பில் சமச்சீர் எங்கே குறைகிறது என்பதைக் கொண்டு கட்டிய ஊகம் அது. டூர்மலின், குவார்ட்ஸ், டோபாஸ், ரோசெல் உப்பு, கரும்புச் சர்க்கரை ஆகியவற்றின் படிகங்களை அழுத்திப் பார்த்தனர், மின்னூட்டம் தோன்றியது. நம் வீட்டுக் கற்கண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

1881இல் ஹாங்கல் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் இதற்கு ‘பீசோ மின்’ என்ற பெயரை முன்மொழிந்தார். ‘அழுத்து’ என்ற பொருளுடைய கிரேக்க வினையே பீசோ. அதே ஆண்டில் கேப்ரியல் லிப்மன் வெப்ப இயக்கவியல் வழியாகக் கணக்கிட்டு, மின்னழுத்தம் தந்தால் இதே படிகங்கள் உருமாற வேண்டும் என்றார். கியூரி சகோதரர்கள் விரைவிலேயே அதைச் செய்துகாட்டினர். ஆக, விளைவின் இரு பாதிகளும் ஓராண்டு இடைவெளிக்குள் வெளிப்பட்டுவிட்டன. பெயரோ முதற்பாதியின் மீது நிலைத்துவிட்டது. தமிழில் அதை மொழிபெயர்த்தவர்கள் கிரேக்க மூலத்துக்கு நேர்மையாக ‘அழுத்தமின்’ என்றனர். அதனால் மூலத்திலிருந்த குறையும் சேர்ந்தே வந்தது.

5. முதல் வேலை: அளத்தல்

முதற்பாதிக்கு விரைவில் வேலை கிடைத்தது. கியூரி சகோதரர்கள் மெல்லிய குவார்ட்ஸ் தகடொன்றில் எடையைத் தொங்கவிட்டு, துல்லியமாக அறிந்த சிறு மின்னூட்டத்தைப் பெறும் கருவியை உருவாக்கினர். 1898இல் மேரி கியூரி யுரேனியக் கதிர்களின் வலிமையை அளந்தது அக்கருவியால்தான். கதிர்கள் காற்றில் உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தை, குவார்ட்ஸ் தரும் மின்னூட்டத்தால் சரிக்கட்டி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு எடை தேவைப்பட்டது என்று கணக்கிட்டார். தோரியமும் கதிர்வீசுகிறது என்பதை அவர் அவ்வாண்டிலேயே கண்டறிந்தார்; ஷ்மிட் என்பவரும் தனியே அம்முடிவுக்கு வந்திருந்தார்.

இங்கே கதை மான்குர்த்துக்கு அருகே வருகிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அதை அடையாளம் கண்டார். விடுதலைக்குப் பின் ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தின் இறுதி இலக்கு தோரியம். 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் தோன்றியது. 1955இல் அங்கே தோரிய ஆலை. 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. பாபா மறைந்தபின், 1967இல் அந்நிறுவனம் அவர் பெயரைப் பெற்றது.

அதன் மதிலை ஒட்டி ஜனதா காலனி இருந்தது. நகரின் வேறு பகுதிகளிலிருந்து முன்னரே அகற்றப்பட்டவர்களை மாநகராட்சியே குடியேற்றிய இடம் அது, தமிழர்கள் பெருந்தொகையினர். கோலார் தங்கவயலிலிருந்து 1960களில் பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம் அங்கேதான் தம் பொதுவாழ்வைத் தொடங்கினார். அகற்றப்படாத குப்பையைச் சிறுவர்களைக் கொண்டு சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் சேர்த்தது அவருடைய முதற்போராட்டங்களுள் ஒன்று. அணுசக்தி மையத்தின் தேவைக்காகக் காலனியை அகற்றும் முடிவை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றனர். நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், ஏறத்தாழ 70,000 மக்கள் வாழ்ந்த அந்தக் காலனி அகற்றப்பட்டது. மக்கள் சற்றுத் தள்ளியிருந்த சதுப்பு நிலத்தில் குடியேற்றப்பட்டனர். அதுவே இன்றைய சீத்தா கேம்ப். என் பாட்டி அந்த நாளைப் பேசும்போது ‘குடியேறினோம்’ என்று சொன்னதில்லை. ‘எங்களை எடுத்து வெச்சாங்க’ என்பார். ஆவணங்களில் அதே நிகழ்வின் பெயர் ‘மறுகுடியமர்வு’. பெயர் பாதியைச் சொல்வது படிகங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

இதை இங்கே எழுதியதற்குக் காரணம் உண்டு. அழுத்தமின் என்னும் விளைவுக்கு எங்கள் பகுதியோடு தொடர்பில்லை என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். குவார்ட்ஸ் தகட்டில் தொங்கிய எடையில் தொடங்கி என் பாட்டியின் வீடு வரை ஒரு கோடு இழுக்க முடியும் என்பதை இப்போதுதான் கண்டேன்.

6. இரண்டாம் வேலை: நடுங்குதல்

மறுபாதி வேலைக்கு வரக் கூடுதல் காலம் பிடித்தது. காரணம் அளவு. குவார்ட்ஸுக்கு ஆயிரம் வோல்ட் தந்தாலும் அது உருமாறுவது ஏறத்தாழ 2 நானோமீட்டர் மட்டுமே. மேலே கண்ட 3 மைக்ரோமீட்டரோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படிப்பட்ட நடுக்கத்தால் ஓர் அரிசி மணியும் நகராது.

இதற்கு வழி காட்டியவர் பியர் கியூரியின் மாணவரான பால் லாங்கெவன். முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய, 1917 அளவில் அவர் குவார்ட்ஸ் துண்டுகளை இரு எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து, அந்த முழு அடுக்கின் இயல்பான அதிர்வெண்ணிலேயே மின்னைச் செலுத்தினார். ஊஞ்சலைச் சரியான கணத்தில் சிறிது சிறிதாகத் தள்ளினால் அது உயரச் செல்வதுபோல, ஒத்ததிர்வால் சிறு அசைவு பெருகியது. பீசோ கடத்திகளின் தொழில்நுட்பத்துக்கு இது முதற்படி.

இரண்டாம் படி, 1930களில் ரோசெல் உப்பைக் கொண்டு செய்த இரட்டைத் தகடு. இரு மெல்லிய தகடுகளை ஒட்டி, ஒன்று நீளும்போது மற்றொன்று சுருங்குமாறு செய்தால், முழுத் தகடும் வளையும். நீட்சியைவிட வளைவு பன்மடங்கு பெரிது. ஒலிவாங்கிகளுக்கும் இசைத்தட்டு முள்ளுக்கும் அது பயன்பட்டது.

மூன்றாம் படி பொருளே மாறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளில் பேரியம் டைட்டனேட்டின் வியத்தகு மின்னியல்புகள் தனித்தனியே கண்டறியப்பட்டன. படிகத்தை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் நிலை போய், மாவாகப் பிசைந்து, சூளையில் சுட்டு, வலிய மின்புலத்தில் பழக்கும் பீங்கானாகச் செய்யும் நிலை வந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கானை ஆராய்ந்தனர். 1954இல் அமெரிக்கத் தர நிர்ணயப் பணியகத்தின் ஜாஃபியும் அவருடன் இருந்தவர்களும் அதன் பீசோ வலிமையை வெளியிட்டனர். அதே மின்னழுத்தத்துக்குக் குவார்ட்ஸைப் போல் நூறு மடங்குக்கும் மேல் உருமாறும் பொருள் கைக்கு வந்தது.

இந்த மூன்றும் சேர்ந்ததே இன்றைய பீசோ அதிர்வுக் கடத்தி. எஃகுப் பட்டையில் பீங்கான் தகடுகள் ஒட்டப்படுகின்றன, பட்டை வளைகிறது, அதன் மேல் பொருத்திய வில் அவ்வளைவைப் பெருக்குகிறது, முழு அமைப்பும் ஒத்ததிர்வில் ஆடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நுண்ணிய மின்னணு உறுப்புகளை ஆயிரக்கணக்கில் வரிசைப்படுத்த வேண்டிய தொழில்கள் வளர்ந்தபோது, ஜப்பானிய நிறுவனங்கள் இவற்றைப் பரவலாக்கின.

7. காயிலும் பீங்கானும்

எங்கள் மூடிப் பட்டறையில் உள்ளது பீசோ அன்று. காயில் வைத்த பழைய வகை. கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய, மின்காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுத்து விடுகிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. காந்தம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை இழுப்பதால் தட்டு நொடிக்கு 100 முறை ஆடும். ஒரு டையோடைச் சேர்த்து அதை 50 ஆகக் குறைப்பதும் உண்டு. சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி வெறும் வெப்பமாகப் போகிறது. பிற்பகலில் கிண்ணத்தின் அடியைத் தொட்டால் சூடு தெரியும்.

பீசோ தகடோ மின்தேக்கி போன்றது. ஒவ்வோர் அசைவிலும் மின்னூட்டத்தை ஏற்று, பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. உராய்விலும் பொருள்களைத் தூக்கி நகர்த்துவதிலும் செலவாவதை மட்டுமே புதிதாக ஈடுசெய்ய வேண்டும். பீங்கானின் சிறு இழப்பு வேறு. எனவே மின்செலவு குறைவு, சூடு குறைவு, இரைச்சலும் குறைவு. காந்தப்புலம் இல்லாததால் சிறு எஃகு உறுப்புகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. அதிர்வெண் கூடுதலாகவும் வீச்சு நுண்ணியதாகவும் இருப்பதால் மென்மையான பொருள்கள் சிராய்ப்பின்றி நகர்கின்றன.

எல்லையும் உண்டு. பீங்கான் நொறுங்கும் இயல்புடையது. எடை கூடினால் அமைப்பின் இயல்பதிர்வெண் விலகி ஆட்டம் அடங்கிவிடும். நிலக்கரியும் சரளைக்கல்லும் செல்லும் பெருங்கடத்திகளை இன்றும் சமனற்ற எடை பொருத்திய மோட்டார்களே ஆட்டுகின்றன. பீசோவின் இடம் திருகாணி, மாத்திரை, மின்னணு உறுப்பு போன்ற சிறியவற்றின் உலகம்.

8. மாணவனுக்கு விடை

இனி அவன் கேட்ட கேள்வி. ஆடும் தட்டின் அடியில் பீசோ தகடு வைத்தால் மின் வருமா? வரும். ஆனால் அந்த மின், ஆட்டத்திலிருந்து பிடுங்கியது. தகடு எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவு ஆட்டம் தளரும். தளர்ந்ததை ஈடுகட்டக் காயில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். வைப்ரேட்டர் தன்னையே ஓட்டிக்கொள்வது, தன் தோளில் தானே ஏறி நிற்பதைப் போன்றது.

அதற்காக அந்த எண்ணம் வீண் என்று சொல்லிவிட முடியாது. அதிர்வு எங்கே வேண்டாத துணைப்பொருளாக இருக்கிறதோ, அங்கே பீசோ தகடு சில மைக்ரோவாட் முதல் மில்லிவாட் வரை திரட்டலாம். பெரிய கடத்தியின் தாங்கியருகே, கம்பியிழுக்க முடியாத இடத்தில் வைத்த வெப்ப உணரியை இயக்க அது போதும். 2008இல் டோக்கியோ ரயில் நிலையத்தில் பயணிகள் காலடியிலிருந்து மின் எடுக்கும் தரையைச் சோதித்தபோது உலகெங்கும் அது செய்தியானது. அத்தகைய செய்திகள் முதற்பாதியை மட்டுமே பெரிதாக்கிக் காட்டுகின்றன. பெயரும் அவற்றுக்குத் துணைநிற்கிறது. நாள்தோறும் நம் கடிகாரத்திலும், மருத்துவமனை அல்ட்ராசவுண்டிலும், இங்க்ஜெட் அச்சுப்பொறி பலவற்றிலும் உழைக்கும் மறுபாதி செய்தியாவதில்லை.

அவனிடம் நான் சொன்னது இது: “கண்ணா, உங்க பட்டறைக்குப் பீசோ வந்தா கரண்டு தராது. கரண்டு பில்லைக் குறைக்கும். ரெண்டும் வேற வேற.”

9. பிரிக்கும் கைகள்

ஒன்று எஞ்சியிருக்கிறது. இப்பீங்கானின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கும் மேல் ஈயம். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடைசெய்த ஐரோப்பிய விதிகளே இதற்கு விலக்கு அளித்திருக்கின்றன. இதற்கு இணையான ஈயமற்ற பொருள் இன்னும் எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை. பாடும் பொம்மையும் பழைய கடிகாரமும் அலாரமும் உடைந்தபின் செல்லும் இடங்களில் ஒன்று எங்கள் மண்டாலா. 1927 முதல் நகரத்தின் குப்பையை ஏற்றுவரும் தேவனார் மேடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் அத்தை பழைய பொருள் கிடங்கொன்றில் முப்பது ஆண்டுகளாகப் பிரிக்கும் வேலை செய்கிறார். பித்தளைக்கு விலை உண்டு என்பதால், அந்த வட்டத் தட்டிலிருந்து வெள்ளை வில்லையைக் கத்திமுனையால் சுரண்டி எடுத்துக் கீழே தள்ளுவார். அந்த வெள்ளைப் பொடிக்கு அவரிடம் பெயரில்லை. சென்ற வாரம் அது என்னவென்று சொன்னேன். கையைக் கழுவிவிட்டுத்தான் சோறு உண்ண வேண்டும், சுரண்டும்போது முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். “இத்தனை நாளா சொல்றதுக்கு ஆளில்லையே” என்றார்.

அவர் பிளாஸ்டிக் மணிகளைப் பிரிக்கும்போது இன்றும் முறத்தைத்தான் பயன்படுத்துகிறார். கனமான துண்டுகளைப் பின்னுக்கும் இலேசானவற்றை முன்னுக்கும் கொண்டுவரும் அந்தக் கை, நொடிக்கு மூன்று நான்கு முறை ஆடுகிறது. அதைத் ‘தெள்ளுறேன்’ என்கிறார். அருகில் இருக்கும் நெல்லைக்கார அம்மாள் ‘கொழிக்கிறேன்’ என்கிறார். கலைச்சொல் ஆக்குவோர் ‘அதிர்வுக் கடத்தி’ என்ற மொழிபெயர்ப்போடு நின்றுவிட்டோம். நகர்த்துவதற்கொரு சொல், அளவால் பிரிப்பதற்கொரு சொல், எடையால் பிரிப்பதற்கொரு சொல் என இக்கருவிகளின் வகைகளுக்குத் தேவையான வேறுபாடுகள் நம் வினைச்சொற்களில் ஏற்கெனவே இருக்கின்றன. மறுதலை விளைவுக்கும் ‘எதிர்’ என்ற அடைமொழியை நீக்கி, ‘மின்னதிர்வு’ போன்ற ஒரு சொந்தப் பெயரைத் தரலாம். அப்படி ஒரு பெயர் இருந்திருந்தால் அந்த மாணவன் வேறொரு கேள்வியைக் கேட்டிருப்பான்.

இதை வாசிக்கும் ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் முறத்தின் அசைவுகளுக்கு வழங்கும் வினைச்சொற்களை, எந்த அசைவுக்கு எந்தச் சொல் என்ற விளக்கத்தோடு எழுதி அனுப்புங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முறத்தைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டிக் காட்டும்போதுதான் சொல்லும் சரியாக வரும்.